உயிரோடிருப்பதற்கு மன்னிக்கவும்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.08.2025

என்றும் என் மதிப்புக்குரிய மச்சான் ஆனந்தராசா அவர்களுக்கு,

இங்கு நான் நலம். கடிதம் எழுதுகிற எல்லோரும் முதலில் எழுதுகிற வழமையான வசனம் என்று இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். இம்முறை இது ஒரு தகவல். நான் உயிரோடு இருக்கிறேன், காலையில் மூன்று தோசை சாப்பிட்டேன், பிரஷர் குளிசை போட்டேன், இப்போது மேசையில் இருந்து என் சொந்தக் கையால் எழுதுகிறேன். கடந்த திங்கட்கிழமை இதையே தொலைபேசியில் சொன்னபோது, "செத்த ஆள் செத்த ஆளாவே இரும்!" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு என் இலக்கத்தையும் உங்கள் தங்கை கமலாவின் இலக்கத்தையும் தடை செய்துவிட்டீர்கள். ஆகவேதான் பாரிசுக்குப் பதிவுத் தபால். துறைமுகக் களஞ்சியத்தில் முப்பத்தொரு வருடம் பொறுப்பாக இருந்தவன் நான். நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். வாசித்து முடித்த பிறகு, நான் உயிரோடிருப்பதை மன்னிக்கலாமா என்று தாங்கள் முடிவு செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் உங்கள் மருமகள் ஜெயரூபி. உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கிற பிள்ளை வீட்டில் இருந்து தையலோ கணினியோ படிக்கும் என்று நாங்கள் நினைத்திருக்க, அவள் போய் நீலக்கரை இளைஞர் கழகம் என்ற ஒன்றில் சேர்ந்துவிட்டாள். திங்கள் இரத்ததானம், புதன் சிறுவர் நூலகம், சனி கடற்கரைச் சுத்தம். பிள்ளையைக் காண வேண்டுமென்றால் முகநூலில்தான் காண வேண்டும் என்று ஆகிவிட்டது. தகப்பன் என்ற முறையில் ஓர் ஆட்சேபனைக் கடிதம் தயாரித்து, மூன்று பிரதி எடுத்துக்கொண்டு கழகத்துக்குப் போனேன். தலைவர் அஸ்ஹான் என்ற பொடியன், வயது இருபத்துநாலு இருக்கும், நல்ல மரியாதை. எழும்பிக் கதிரை தந்தான். "அங்கிள், இருங்க, ஒரு பிளேன்ரீ குடிங்க. அதுக்குள்ள இந்த போமை ஒருக்காப் பாருங்க" என்று ஒரு படிவத்தை நீட்டினான். மச்சான், என் முன்னால் வெற்றுப் படிவம் ஒன்று கிடந்தால் என் கை சும்மா இராது என்பது உங்களுக்குத் தெரியும். பெயர், முகவரி, இரத்த வகை, விசேட திறமைகள் எல்லாவற்றையும் தெளிவான எழுத்தில் நிரப்பி, கையொப்பமும் இட்டுக் கொடுத்தேன். அவன் அதை வாசித்துவிட்டு எழும்பி நின்று கைகொடுத்தான். "வெல்கம் அங்கிள். இந்தக் கழகத்தில ஒரு பெட்டியும் விடாம நிரப்பின முதல் ஆள் நீங்கதான்." ஆட்சேபனைக் கடிதம் மூன்றும் பையிலேயே இருந்தன. வெளியே வரும்போது நான் 'மூத்த தொண்டர்', என் கையில் ஒரு மஞ்சள் ரீசேட், அளவு எக்ஸ்எல்.

அப்போதே திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஓய்வுபெற்ற நாளிலிருந்து மூன்று வருடமாக என்னிடம் ஒருவரும் ஒரு கையொப்பம் கேட்டதில்லை, மச்சான். அதையும் ஒரு காரணமாகக் குறித்துக்கொள்ளவும்.

முதல் சனிக்கிழமை கடற்கரைச் சுத்தம். பொடியள் கண்டதை எல்லாம் ஒரே சாக்கில் போட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. போத்தல் ஒரு பக்கம், பொலித்தீன் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தேன். படகு ஒன்றின் மறைவில் பதினேழு கம்பிக்கூடுகள் கிடந்தன. உரிமை கோரப்படாத பொருட்கள் என்று அட்டை கட்டி, குப்பை உழவு இயந்திரத்தில் ஏற்றி அனுப்பிவிட்டேன். பின்னேரம் றம்ஸான் என்ற மீன்பிடிகாரர் எங்கள் படலையில் நின்றார். "ஐயா, மஞ்சச் சட்டை போட்ட ஒரு பெரியவர்தான் என்ட நண்டுக்கூட்டையெல்லாம் ஏத்தினதெண்டு சொல்றாங்க. ஆளைத் தெரியுமா?" நான் அப்போதும் அந்தச் சட்டையோடுதான் நின்றேன். குப்பைமேட்டுக்கு அவரோடு போய், மூக்கில் துவாயைக் கட்டிக்கொண்டு மூன்று மணித்தியாலம் கிளறியதில் பதினாறு கூடு கிடைத்தது. பதினேழாவதை அவர் எனக்காக மன்னித்தார். இதை ஜெயரூபி படம் எடுத்து, 'களத்தில் எமது மூத்த தொண்டர்' என்று போட்டாள். நூற்றுப்பதினான்கு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். தாங்கள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது, விருப்பம் தெரிவிக்கவுமில்லை. அது உங்கள் இஷ்டம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்தால் என்ன செய்வது என்று கழகம் ஓர் ஒத்திகை வைத்தது. சங்கு ஊதும், சனம் ஓடும், காயக்காரரைத் தூக்குவார்கள். காயக்காரர் யார் என்பதற்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு ஒருங்கிணைப்பு அதிகாரி மாதிரி ஏதாவது வரும் என்று நம்பி எடுத்தேன். சீட்டில் 'இறந்தவர்' என்று இருந்தது. "முப்பத்தொரு வருசம் அரசாங்க சேவையில இருந்தனான். ஒரு கால் முறிவாவது தரக்கூடாதோ?" என்று கேட்டேன். கால் முறிவு கிடைத்த றுஷ்தா என்ற பிள்ளை மாறச் சம்மதிக்கவில்லை. "அங்கிள், நான் ரெண்டு நாளாக் கத்திப் பழகியிருக்கேன்" என்றாள். ஜெயரூபிதான் என்னைச் சமாதானப்படுத்தினாள். "அப்பா, செத்த ஆளுக்குத்தான் வேலை குறைவு. ஓடத் தேவையில்லை, கத்தத் தேவையில்லை. வேப்பமர நிழலில படுத்திருந்தாச் சரி." அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. படுத்தேன். கால் பெருவிரலில் கறுப்பு அட்டை கட்டி, கழுத்துவரை வெள்ளைத்துணி போர்த்தினார்கள். போனை ஜெயரூபியின் பையில் கொடுத்திருந்தேன். கடல்காற்று, நிழல், காலையில் சாப்பிட்ட பிட்டு. மச்சான், நான் நடிக்கவில்லை. உண்மையிலேயே நித்திரையாகிவிட்டேன்.

பிறகு நடந்தது அங்கே நின்றவர்கள் சொல்லித்தான் தெரியும். எங்கள் ஊர் மான்கள் வீதியில் மாடு மாதிரித் திரிவதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதில் ஒன்று வந்து என் கால்விரலில் கட்டியிருந்த அட்டையை நூலோடு தின்றுவிட்டுப் போய்விட்டது. கணக்கெடுக்க வந்த பிள்ளை அட்டையில்லாத என்னை, வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்திருக்கிற யாரோ ஓர் ஐயா என்று நினைத்து விலகிப் போயிருக்கிறாள். ஒத்திகை முடிந்தது, எல்லோரும் மண்டபத்துக்குப் பணிஸ் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் முதலே வீட்டுக்குப் போய்விட்டேன் என்று ஜெயரூபி நினைத்தாளாம். அவர்களுடைய அறிக்கையில் நான் 'காணாமல் போனவர்'.

இதற்குள் அஸ்ஹான் என் படத்தை முகநூலில் போட்டுவிட்டான். அவன் எழுதியதில் பிழையே இல்லை. 'எமது கழகத்தின் மூத்த தொண்டர் திரு. குலசிங்கம் ஐயா அவர்கள் இன்று காலை கடற்கரையில் இறந்து கிடப்பவராக மிகத் தத்ரூபமாக நடித்து அனைவரின் பாராட்டையும் பெற்றார்' என்பதுதான் முழு வசனம். ஆனால் போனில் பார்க்கிறவர்களுக்கு 'கடற்கரையில் இறந்து' என்பதுவரைதான் தெரியும். மிச்சத்தைப் பார்க்க 'மேலும் பார்க்க' என்பதை அழுத்த வேண்டும். தாங்கள் அழுத்தவில்லை.

அழுத்தாமல் கமலாவுக்குப் போன் எடுத்தீர்கள். ஜெயரூபி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அல்பத்தில் தாய்மாமனாகிய உங்கள் படம் ஒன்றுகூட இல்லை என்று கோபித்துக்கொண்டு போனதற்குப் பிறகு, ஆறு வருடத்தில் முதல் போன். அவளிடம் முகநூல் இல்லை. நான் ஒத்திகைக்குப் போனது அவளுக்குத் தெரியும். அதனால் நீங்கள் விம்மி விம்மி அழுதபோது, அண்ணை மனம் மாறி ராசியாக வந்துவிட்டார், அந்தச் சந்தோசத்தில் அழுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். அவள் என்ன சொன்னாள் என்று அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டேன்.

"அழாதேங்கோ அண்ணை. இந்த நாளுக்காக நான் ஆறு வருசமாக் கோணேசருக்கு நேர்த்தி வைச்சனான்."

நீங்கள், "என்னடி சொல்லுறாய்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

"இவர்தானே அண்ணை இவ்வளவு நாளும் குறுக்க நிண்டவர். இனி எங்களுக்கு ஒரு தடையும் இல்லை. நான் இப்ப பாயாசம் வைக்கப்போறன்."

நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நான் கண்விழித்தபோது கடற்கரையில் நானும் இரண்டு காகமும்தான். வெள்ளைத்துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒரு சின்ன லொறி. சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் ஸெய்னுதீன் நானா எனக்கு முதுகைக் காட்டியபடி பிளாஸ்ரிக் கதிரைகளையும் ஒரு தறப்பாளையும் இறக்கிக்கொண்டிருந்தார். யாருக்கோ உதவி என்று நானும் போய்க் கதிரை அடுக்கின் மறுபக்கத்தைப் பிடித்தேன். "ஆருக்கு நானா?" என்று கேட்டேன்.

"நம்மட குலசிங்கத்தாருக்குத்தான். காலையில மௌத்தாயிட்டாராம், பேஸ்புக்கில கண்டன். நல்ல மனிசன், வாய்தான் கொஞ்சம் நீளம். மெல்லத் தூக்குங்க. ஆனா ஒண்டு, மனிசன் போய் ரெண்டு மணித்தியாலம் ஆகல்ல, உள்ளுக்குப் பாயாசம் மணக்குது. என்ன சனமோ!"

சொல்லிவிட்டுத் திரும்பினார். கதிரை முழுவதும் அவர் காலில் விழுந்தது. அன்றைக்கு உண்மையாகக் காயப்பட்டவர் அவர் ஒருவர்தான். முதலுதவி கொடுத்தது நான். பயிற்சி நன்றாகத்தான் தந்திருக்கிறார்கள். பிறகு அந்தக் கதிரையிலேயே எல்லோரும் இருந்து பாயாசம் குடித்தோம். கமலா மட்டும் குடிக்கவில்லை. நடந்தது விளங்கியதும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "அண்ணை என்னைப்பற்றி என்ன நினைச்சிருப்பார்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

உடனே உங்களுக்கு எடுத்தேன். அன்று முழுவதும் உங்கள் தொலைபேசி ஓயவில்லை. என் மரணத்தை எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டிருந்தீர்கள். திங்கட்கிழமை ஒருவழியாக என் அழைப்புக்கு நீங்கள் பதில் சொன்னபோது, 'கண்ணீர் அஞ்சலி' அச்சடித்து, ஊர்ச்சங்கத்தில் கூட்டமும் முடிந்துவிட்டது. நாற்பது பேர் முன்னால் அழுதுவிட்டு, மறுநாள் செத்தவனே போனில் "மச்சான், நான்தான்" என்றால் யாருக்கும் கோபம் வரும். ஏற்றுக்கொள்கிறேன்.

கூட்டத்து வீடியோவை உங்கள் சங்கச் செயலாளர் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார், எனக்கும் வந்தது. பார்க்கலாமா கூடாதா என்று அரை மணித்தியாலம் யோசித்துவிட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னீர்கள்: "அம்மா ஆசுப்பத்திரியில கிடந்த நாப்பது நாளும் ரெண்டு நேரமும் சைக்கிளில சாப்பாடு கொண்டுபோனது குலசிங்கம்தான். நான் இஞ்ச இருந்து ஒரு நாளும் அவருக்கு நன்றி எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அல்பத்தில என்ர படம் இல்லையெண்டு ஆறு வருசம் கதையாம விட்டனான். அண்டைக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டவங்கள், நான்தான் வீம்புக்குத் தூணுக்குப் பின்னால போய் நிண்டனான்." மச்சான், அதை நான்கு தரம் பார்த்தேன். தூண் விடயம் எனக்கு இதுவரை தெரியாது. படக்காரனை நான் ஏசிய ஏச்சுக்கு இனி அவனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். என் பக்கத்திலும் பிழை உண்டு. அல்பம் வந்த அன்றே ஒரு போன் எடுத்து வருத்தம் தெரிவித்திருக்கலாம். வாய் நீளமானவன், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வாய் வரவில்லை. உங்களிடமிருந்து அவ்வளவு நல்ல சொல் கேட்பதற்கு ஒருநாள் செத்திருந்தது எனக்கு நட்டமே இல்லை.

நட்டப்பட்டது ஜெயரூபி. மஞ்சள் சட்டையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். "என்ர சாமத்தியவீட்டாலதான் மாமா முதல் கதைக்காம விட்டவர். இப்பவும் என்னாலதான். நான் இனி ஒண்டுக்கும் போகேல்லை அப்பா" என்கிறாள். போகாதே என்று ஆட்சேபனை எழுதியவன் நான். இப்போது அவள் போகாமல் இருக்க, வீடு என்னைக் கடிக்கிறது. என்றாலும் ஒழுங்கு ஒழுங்குதான். தொண்டர் பதவியிலிருந்து விலகுவதாக இராஜினாமா எழுதி வைத்துவிட்டேன். இனி எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் எந்தக் கடற்கரையிலும் எதற்காகவும் படுக்கமாட்டோம் என்று இத்தால் உறுதியளிக்கிறேன். தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பிள்ளையோடு ஒரு தரம் கதையுங்கள். என்னோடு கதைப்பது பிறகு பார்க்கலாம். நான் அவசரமாகப் போகிற ஆளில்லை என்பது இப்போது நிரூபணமாகிவிட்டது.

கோணேசப் பெருமானும் பத்திரகாளி அம்மனும் தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளையும் தெளிவான கண்பார்வையையும் தர வேண்டுமென்று வேண்டி, நேரில் அழுதவர்கள் அனைவருக்கும் என் தனிப்பட்ட நன்றியையும் தெரிவித்து அமைகிறேன்.

இப்படிக்கு,
உயிருடனுள்ள,
க. குலசிங்கம்

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஜெயரூபி போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவளுடைய இலக்கத்தைத் தடை செய்ய மறந்தீர்களா, மனம் வரவில்லையா என்று கேட்கமாட்டேன். "பிள்ளை, கொப்பர் செத்த எட்டாம் நாள் செலவுக்கு எண்டு எடுத்த ரிக்கற், திருப்பிக் குடுக்க ஏலாதாம். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குறன். அந்த மனிசனை வீட்டில நிக்கச் சொல்லு" என்று நீங்கள் சொன்னதை நாங்கள் மூவரும் கேட்டோம். கமலா குசினியை விட்டு வெளியே வந்துவிட்டாள். ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கையில் தருவேன், விரும்பினால் வாசியுங்கள். இராஜினாமாவையும் கொடுக்கவில்லை. மூத்த தொண்டர் பதவி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நான் விட்டால் எடுக்க ஸெய்னுதீன் நானா நொண்டி நொண்டி வந்து விசாரித்துவிட்டுப் போகிறார். நீங்கள் வந்த பிறகு வருகிற சனிக்கிழமை காலை களப்போரத்தில் கண்டல் கன்று நடுகிறோம், முழங்கால் வரை சேறு. ஒரு ஆள் குறைகிறது என்று அஸ்ஹான் சொன்னான், உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். கழகத்தில் சேர வயதெல்லை இருபத்தொன்பது. உங்களுக்கு இருபத்தெட்டு என்று எழுதியிருக்கிறேன். இந்தக் கடைசி வரியை மட்டும் ஜெயரூபி முன்கூட்டியே போனில் வாசித்துக் காட்டுவாள்: விமான நிலையத்துக்கு அஸ்ஹானும் வருகிறான், அதற்கேற்றபடி நடந்து வரவும்.