தூண் பதவியிலிருந்து என் ராஜினாமா

எங்கள் கூடைப்பந்து அணியின் தலைவரும் என் மனைவியின் ஒரே தம்பியுமான தங்களின் மேலான பார்வைக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம், என் விலா எலும்பைத் தவிர. பயிற்சிக்காகப் போன ஊரில் சாப்பாடும் தூக்கமும் தங்களுக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் தாங்கள் சிரிப்பீர்கள் என்பதால் எழுத்தில் தெரிவிக்கிறேன்: நம் அணியில் நான் வகித்துவரும் தூண் பதவியை இத்துடன் துறக்கிறேன்.

தூண் என்பது நான் வைத்த பெயர். தாங்கள் அதை ஸ்கிரீன் என்பீர்கள். நம் அணிப் பேக்கரிக்காரர் பந்தோடு ஓடிவருவார், அவரைத் துரத்துகிறவனின் வழியில் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அவன் என் மேல் மோதுவான், பேக்கரிக்காரர் ஆற அமரக் கூடையில் போடுவார், எல்லோரும் கை தட்டுவார்கள், அவருக்கு. திரைச்சீலையாவது காற்றுக்கு அசையலாம். நான் அசைந்தால் நடுவர் ஊதிவிடுவார். கல்லூரி அணியில் கூடையில் போடுவதற்கென்றே வைத்திருந்த ஆள் நான். இயற்பியலில் முதுகலை வேறு. எனக்குக் கிடைத்த வேலை, ஜடமாக நிற்பது! போன ஆட்டத்தில் பந்து ஒரே ஒருமுறை என் கைக்கு வந்தது, அதுவும் கோட்டுக்கு வெளியே உருண்டு போனதை நான் போய் எடுத்துக்கொடுத்தபோது.

தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது, இனி நீ. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது உன் மருமகள், என் மகள், கேட்கிறாள்: "அப்பா, இன்னைக்கும் உங்கள ஆடச் சொல்லலையா?" ஆட்டம் முழுக்க நடுவில் நின்றவனிடம் கேட்கிற கேள்வியா? உன் அக்கா உடனே சமாதானம் சொன்னாள்: "அப்படிச் சொல்லாதடி. அப்பா எவ்ளோ நல்லா நின்னாரு, பாத்தியா?" அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். உன்னைச் சொல்ல வேண்டும். என் கல்யாணப் புகைப்படத்திலேயே என்னை ஓரமாக நகர்த்திவிட்டு நடுவில் நின்றவன் நீ. இன்றைக்கும் அதைப் பார்க்கிறவர்கள், "மாப்பிள்ளை ஜோரா இருக்காரே" என்று உன்னைத்தான் காட்டுகிறார்கள்.

ஆகவே மருந்துக்கடைக்காரர் அணியில் சேர்ந்துவிட்டேன். அவர் மனிதர். "நீங்க கூடையில போடுங்க சார். பந்த உங்க கைல கொண்டுவந்து குடுக்குறது எங்க பொறுப்பு" என்றார். நாளை மாலை நம் அணியோடு நட்பு ஆட்டம். ஞாயிற்றுக்கிழமைக் கோப்பை ஆட்டத்திலும் அவர்கள் பக்கம்தான். நான் கூடையில் போடுவதை என் மகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சமாதானத் தூது வேண்டாம், முக்கியமாக உன் அக்கா வழியாக.

உடம்பைப் பார்த்துக்கொள். என்னைவிட அகலமான தூண் ஒன்று உனக்கு விரைவில் அமைய மனமார வாழ்த்தும்,
அத்தான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் நட்பு ஆட்டம் முடிந்துவிட்டது. சொன்னபடி பந்து என் கைக்கு வந்தது. வந்தபோதெல்லாம் கூடவே இரண்டு பேர் என் மேல் வந்து விழுந்தார்கள். அவர்களை மறிக்க எனக்கென்று ஒருவரும் நிற்கவில்லை. நான் போட்டதில் ஒன்றும் விழவில்லை. எதிர்ப்பக்கம் பேக்கரிக்காரருக்கும் அதே கதி. அவர் எறிந்ததெல்லாம் வளையத்தில் பட்டுத் தெறித்தது. கடைசி நிமிடம், இரண்டு அணியும் சமம். பேக்கரிக்காரர் பந்தோடு வலப்புறமாக ஓடிவந்தார். சத்தியமாக நான் எதையும் யோசிக்கவில்லை. கால்கள் தாமாகப் போய் நின்றுவிட்டன. அவரைத் துரத்திவந்த என் புதிய தலைவர் மருந்துக்கடைக்காரர் என் மார்பில் மோதி மல்லாந்தார். பந்து கூடையில் விழுந்தது. நம் அணிக்கு வெற்றி.

"சார், நீங்க யார் பக்கம் சார்?" என்று அவர் படுத்தபடியே கேட்டார். பேக்கரிக்காரர் முந்திக்கொண்டு, "எங்க ஆளுதாங்க, வழி தெரியாம வந்துட்டாரு" என்றார். மருந்துக்கடை பனியனை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். என் மகள் வீடு வரும்வரை மருந்துக்கடைக்காரர் விழுந்ததை விழுந்து விழுந்து நடித்துக் காட்டினாள், ஞாயிற்றுக்கிழமை தோழிகளையும் கூட்டி வருகிறாளாம். என்னை முதலிலிருந்தே இறக்கு. பந்தை மட்டும் தயவுசெய்து யாரும் என்னிடம் கொடுக்க வேண்டாம்.