பிடி அண்ணாச்சி நிமிர்த்திய பெண்கள்

குற்றால அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பிடி அண்ணாச்சி.

எங்கள் லாட்ஜுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன் தோள்பட்டையை ஒரு பிடி பிடித்துப் பார்ப்பார். அதனால் அந்தப் பெயர். போன சாரல் சீசனுக்கு முன்னால், செல்போனில் வீடியோ பார்த்து ஆயில் பெயிண்டிங் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். எனக்குச் சனி பிடித்தது அங்கேதான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாட்ஜ் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து கவலைப்படுவது என் வேலை. முதலாளியின் அப்பா வாங்கி மாட்டிய படம் ஒன்று என் தலைக்கு மேலே தொங்கும். வெளிநாட்டுப் பழைய ஓவியத்தைப் பார்த்து யாரோ வரைந்தது. அறுத்த வயலில் மூன்று பெண்கள் குனிந்து கதிர் பொறுக்குவார்கள். சாரலில் பூஞ்சை பிடித்துவிடுமோ என்று பயந்து, பிடிப்பதற்கு முன்பே தரை துடைக்கிற மருந்தை ஊற்றித் துடைத்தேன். ஒருத்தியின் முகம் துணியோடு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து முதலாளி வருகிறார். பார்த்தால் வேலை போய்விடும். எட்டாவது படித்தவனுக்கு வேறு யார் மேஜை கொடுப்பார்கள்?

“அழாதலே. அச்சு அசலா வரைஞ்சு தாரேன்” என்றார் அண்ணாச்சி.

“அப்போ ரூம்லயே உக்காந்து வரைங்க அண்ணாச்சி.”

“வயக்காட்டுல நிக்கவளுவள ரூமுக்குள்ள வச்சு வரைஞ்சா மூச்சு முட்டாதாலே?”

பழைய படம், புதுக் கேன்வாஸ், பெயிண்ட் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அருவிக்கரைக்குப் போனோம். அருவியைப் பார்த்தால் கவனம் சிதறுமாம்; திரும்பி உட்கார்ந்தார். சாரல் விழுந்தது. குடை படத்துக்கு, காய்ச்சல் எனக்கு. குளிக்க வந்த கூட்டமெல்லாம் எட்டிப் பார்த்தது.

“அருவிய எங்க அண்ணாச்சி காணோம்?” என்றான் ஒருவன்.

“அது எங்கயும் போவாது. நீ போய்க் குளி.”

சாயங்காலம் பார்த்தேன். வயல் அப்படியே வந்திருந்தது. முதல் பெண் மட்டும் நேராக நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, இவ குனிஞ்சுல்லா இருக்கணும்!”

“நடுமுதுகுல பிடிச்சிருக்குலே அவளுக்கு. எத்தன வருசமா குனிஞ்சே நிக்கா! பாவம்லா.”

“படத்துல இருக்கவளுக்கு எப்படி வலிக்கும்?”

“பாக்க எனக்கு வலிக்கில்லா.”

மறுநாள் இரண்டாமவளும் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மூன்றாமவளைக் குனிய வைப்பதாகச் சத்தியம் செய்தார். சனிக்கிழமை பார்த்தால், அவள் வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“என்னலே இது? மூணு பேரும் வேலைய முடிச்சிட்டாளுவளா?”

நடந்ததைச் சொன்னேன். “நாளையிலருந்து நீ வர வேண்டாம்” என்றார்.

அண்ணாச்சி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“அப்போ நானும் வரல முதலாளி.”

“சீசன் நேரத்துல வெளையாடாதேயும்வே.”

“குனிய வைக்காம விட்டது நான்லா? இவன் கழுத்தத் தொட்டுப் பாருங்க. மூணு நாளா கல்லா கெடக்கு.”

எண்ணெய் தேய்த்துக்கொள்ள வாசலில் துண்டோடு காத்திருந்த ஆறு பேரை முதலாளி எட்டிப் பார்த்தார். “மாட்டித் தொலைங்க” என்றபடி மாடியேறிப் போய்விட்டார்.

காயாத பெயிண்ட் விரலெல்லாம் ஒட்ட, படத்தை மாட்டினேன்.

“அண்ணாச்சி, சரி போங்கன்னு அவரு சொல்லியிருந்தா, சீசன்ல வேற எங்க போய்த் தேய்ப்பிய?”

“அதெல்லாம் யோசிக்கலயேலே.”

அன்றிலிருந்து அவருக்கும் சேர்த்து நானே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.