மேல் பலகையில் ஒரு பொய்

பொய் சொல்வதற்கு உகந்த இடம் சவுனாதான் என்று, வெகுவாக ஆராய்ந்தபின், உர்போ முடிவுக்கு வந்தார்.

சாதாரண பின்லாந்துக்காரன் இந்த முடிவுக்கு வரமாட்டான். ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய அந்த நீராவிக் குடிலுக்குள், தேவாலயத்தில் இருப்பதுபோல் இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் பிள்ளைகளையே அனுப்புவார்கள். அங்கே யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் உர்போ ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர். அவருடைய சிக்கல் ஒழுக்கம் சார்ந்ததல்ல, உடலியல் சார்ந்தது. பொய் சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும்.

பொய் நாக்குக்கு வருமுன்பே நரம்புகள் சேதி சொல்லிவிடும். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய்போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி, அட்ரினலினை ரத்தத்தில் கொட்டும். இதயம் துள்ளும். முகத்து ரத்தக் குழாய்கள் விரியும். மனைவி கெர்த்து, "இப்போ உண்மையைச் சொல்லு" என்பாள். இந்தக் கடைசிக் கட்டம் மட்டும் பாடநூலில் கிடையாது.

சவுனாவின் எண்பது டிகிரிச் சூட்டிலோ எல்லோர் முகமும்தான் சிவந்திருக்கும். அதில் பொய்யின் சிவப்பை யார் பிரித்தறிவது?

மறைக்க வேண்டியிருந்த உண்மை இதுதான். ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது. மாத்திரை சாப்பிட வேண்டும். அழுத்தம் இறங்கும்வரை சவுனாவில் சூடு மிகுந்த மேல் பலகை கூடாது, சூடான உடம்போடு ஏரியில் குதிக்கவும் கூடாது. கீழ்ப் பலகையில், இளஞ்சூட்டில், சற்று நேரம் உட்காரலாம். இப்படி உத்தரவிட்ட டாக்டர் அவருடைய பழைய மாணவி. ஹார்மோன் பாடத்தில் அவர் அரும்பாடுபட்டுத் தேற வைத்த பெண்.

கீழ்ப் பலகை! குழந்தைகளும் வெளிநாட்டு விருந்தாளிகளும் உட்காருகிற இடம். உர்போவின் அப்பா சாகும்வரை மேல் பலகையை விட்டு இறங்கியதில்லை. டாக்டர் பேச்சை மீறிவிடலாம். கெர்த்துவுக்குத் தெரிந்துவிட்டால் அதோடு சரி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமே அவள் காப்பியை ஊற்றிவிட்டுக் கேட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"சனிக்கிழமை சவுனால உக்காந்து நிதானமா பேசுவோம்."

"ஏன், காப்பி குடிக்கிற வாய் பேசாதா?"

"நல்ல சேதியை நல்ல இடத்துல சொல்லணும், கெர்த்து."

ஊரில் மளிகைக் கடை நடத்தியவள் கெர்த்து. பழைய மீனைப் புது மீன் என்று கொண்டுவந்தவர்களை, மீனைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தே திருப்பி அனுப்பியவள். ஏலக்காய் ரொட்டியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "சரி, இந்தச் சனிக்கிழமை நானே சவுனாவைச் சூடு பண்றேன்" என்றாள்.

விறகு சுமக்கும் வேலை மிச்சம் என்று உர்போ மகிழ்ந்தார்.

சனிக்கிழமை மாலை மேல் பலகையில் ஏறி அமர்ந்தார். வழக்கமாக எதிர்ச் சுவரில் தொங்கும் வெப்பமானி அன்று அடுப்புக்கு நேர் மேலே தொங்கியது. படிக்க வசதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். எண்பது காட்டியது. தோல் மட்டும் அவ்வளவு சூடு இல்லை என்றது. தோலை உர்போ திருத்தினார்: பழகிய நரம்பு வெப்பத்தைக் குறைத்துத்தான் சொல்லும். வியர்வையும் அதிகமில்லை. அது வயது. கெர்த்து ஓர் அகப்பைத் தண்ணீரை அடுப்பின்மேல் அடுக்கியிருந்த கற்களில் ஊற்றினாள். வழக்கமாகச் சீறி எழும் ஆவி, தூக்கம் கலைந்த பூனைபோல் முனகிவிட்டு அடங்கியது. காற்றில் ஈரம் மிகுதி என்று அதற்கும் காரணம் கண்டார்.

"இப்போ சொல்லு, வாத்தியாரே."

"டாக்டர் அசந்துட்டாங்க. இருபது வயசுப் பையனோட ரத்தக் குழாய்ன்னாங்க."

காது தகிக்கத் தொடங்கியது. அவர் கவலைப்படவில்லை.

"எந்தப் பையனோடதாம்?"

"என்னோடதைத்தான் சொன்னாங்க!"

"மேல் பலகை?"

"தாராளமா."

"ஏரி?"

"குதிக்கச் சொல்லியே அனுப்பினாங்க."

"முகமெல்லாம் இப்படிச் சிவந்து கிடக்கே?"

உர்போ காத்திருந்த கேள்வி அது. வகுப்பறைக் குரல் தானே வந்தது.

"அதுதான் உடம்போட கெட்டிக்காரத்தனம். மூளைக்கு அடியில பாதாம் பருப்பு அளவுல ஒரு காவல்காரன் இருக்கான். சூடு ஏறினா அவன் நரம்புக்குக் கட்டளை போடுவான். குழாய் விரியும், ரத்தம் தோலுக்கு வரும், சூடு வெளியே போகும். எல்லா மனுஷனுக்கும் இப்படித்தான்."

"எனக்கு ஏன் சிவக்கல?"

அப்போதுதான் திரும்பி அவளைச் சரியாகப் பார்த்தார். சன்னல் வெளிச்சத்தில் அவள் முகம் பால்போல் வெளுத்திருந்தது. ஒரு துளி வியர்வை இல்லை. காலில் கம்பளிக் காலுறை.

"அந்த வெப்பமானியை இங்க எடுத்துட்டு வந்து பாரு."

எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். முள் இறங்கிக்கொண்டே வந்து, நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய இடத்தில் நின்றது. உர்போவின் முகம் இப்போது வெளுக்கத் தொடங்கியது. அதற்கும் ஒரு நரம்பு இருக்கிறது. ஆனால் அதன் பெயர் உடனே நினைவுக்கு வரவில்லை.

கெர்த்து குரலை உயர்த்தவில்லை.

"போன வருஷம் எதிர்க்கரை வெய்க்கோவை மேல் பலகைலேருந்து நாலு பேர் சேர்ந்து இறக்கினாங்க. அவன் பெண்டாட்டி அதுக்கப்புறம் சவுனாவைப் பத்த வைக்கவே இல்ல. வீட்டுக்குள்ள ஷவர்ல தனியா நின்னு குளிக்கிறா." காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு ஷவர் பிடிக்காது, உர்போ."

உர்போ வெப்பமானியை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு சொன்னார். அழுத்தம், மாத்திரை, ஏரி, கீழ்ப் பலகை எல்லாவற்றையும், ஒன்று விடாமல்.

"இளஞ்சூடுன்னாங்களா?"

"ஆமா."

"இது இளஞ்சூடுதானே?"

"இதுதான்."

"சற்று நேரம்தானே?"

"சற்று நேரம்தான்."

"அப்போ உன் சவுனா முடிஞ்சுபோச்சு. இறங்கு."

அவர் இறங்கினார். கெர்த்து காலுறைகளைக் கழற்றிவிட்டு, மேல் பலகையில் அவருடைய இடத்தில் சௌகரியமாகச் சாய்ந்தாள்.

"போறப்போ அடுப்புல நல்ல கட்டையா நாலு போட்டுட்டுப் போ. எனக்குக் குளிருது."