தாலிக்கும் குனியாத தலை

கழுத்து என்றொரு உறுப்பு இருப்பது, அது வேலைநிறுத்தம் செய்யும்வரை நமக்குத் தெரிவதில்லை. எனது கழுத்து அதற்குத் தேர்ந்தெடுத்த நாள், என் கலியாணத்துக்கு முதல்நாள்.

குற்றம் என்னுடையதுதான். மண்டபம், சாப்பாடு, கனடாச் சொந்தங்களுக்கான நேரலை எல்லாவற்றையும் நானே வாரக்கணக்காகப் போனில் குனிந்தபடி ஒழுங்கு செய்தேன். (வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே பூக்கடை. பூக்கடைக்காரருக்கும் வாட்ஸ்அப்தான்.)

அன்று காலை தலை எந்தப் பக்கமும் அசையவில்லை. இணையத்தில் தேடி, எலும்புத் தேய்மானம், தட்டு விலகல், நரம்பு நசிவு மூன்றும் எனக்கே என்று முடிவுகட்டி அழுதேன். டொக்டரோ சிரித்தார்.

"வெறும் தசைப்பிடிப்பு. நாலைஞ்சு நாள் இந்தக் கழுத்துப்பட்டியைப் போடுங்கோ."

அம்மா பட்டியை அலுமாரிக்குள் பூட்டினா. "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சால் வருத்தக்காரி எண்டு கலியாணத்தை நிப்பாட்டிப் போடுவினம். மூச்சு விடாதை!"

மறுநாள் மணவறையில் இரும்புத்தூண் மாதிரி இருந்தேன். குகன் தாலிக்கொடியோடு எழுந்தார். கெட்டிமேளம் முழங்கியது.

"பிள்ளை, தலையைக் குனியுங்கோ," என்றார் ஐயர்.

கண்ணை மட்டும் தாழ்த்தினேன்.

"இன்னும் கொஞ்சம்!"

பின்தலையில் கிலோக்கணக்கில் பூ. கொடியின் இரு முனைகளையும் இணைக்கும் சுரையைப் பூட்ட வழியில்லை. மேளகாரர் மூச்சு வாங்கினார். குகனின் முகம் வெளிறிவிட்டது. காதருகே குனிந்தார்.

"உமக்கு விருப்பமில்லையோ? இப்பவே சொல்லும், நான் சமாளிக்கிறன்."

இல்லையென்று தலையாட்டவும் முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐயோ, எனக்கு விருப்பம்! கழுத்துத்தான் மாட்டன் எண்டுது!"

பக்கத்தில் நின்ற மாமிக்கும், அதுதான் குகனின் அம்மாவுக்கும், கேட்டுவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டா.

"கழுத்துப் பிடிப்போ? முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை, எனக்கும் வாறதுதானே!" என்றவா, கைப்பையிலிருந்து தைலப் போத்தலை எடுத்து, அத்தனை பேர் முன்னிலையில் என் பிடரியில் தேய்த்தா. பிறகு பின்னலையும் பூவையும் ஒரு கையால் தூக்கிப் பிடித்தா. குகன் எனக்குப் பின்னால் வந்து முழங்காலில் நின்று சுரையைப் பூட்டினார். தைல நெடியில் ஐயர் தும்மினார்.

நேரலையில் டொரோண்டோச் சித்தப்பா எழுதியிருந்தார்: "இந்தத் தைலச் சடங்கு எங்கட காலத்திலை இல்லையே, புதுசோ?"

இப்போதும் நானும் குகனும் சண்டை பிடித்தால் மாமி தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்காமலே சொல்லுவா:

"விடடா தம்பி. அவள் தாலிக்கே குனியாதவள், உனக்கோ குனியப்போறாள்?"