விழலாம், கால் ஊன்றக் கூடாது

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே சைக்கிளிலிருந்து அதிக தடவை விழுந்த மனிதர் யார் என்று கேட்டால், கோவில்பதாகையில் பால் குடிக்கும் குழந்தைகூட ரவுண்டு அண்ணாத்தேயைக் காட்டும். அதே எல்லைக்குள் சைக்கிளில் ஏறிய பிறகு ஒரு தடவைகூடத் தரையில் கால் ஊன்றாத மனிதர் யார் என்று கேட்டாலும் அவரைத்தான் காட்டும். இரண்டும் உண்மை.

நான் அவரை முதலில் பார்த்தது ரயில் கேட்டில். கூட்ஸ் வண்டி வருகிறதென்று கேட்டை மூடிவிட்டார்கள். மாட்டு வண்டிக்காரர்கள், தயிர்க்கூடைக்காரிகள், பி.ஏ. தேறிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான், எல்லோரும் நின்றோம். முண்டாசு கட்டிய ஒரு மனிதர் மட்டும் நிற்கவில்லை. வண்டிகளைச் சுற்றிச் சைக்கிளில் வட்டமடித்துக்கொண்டிருந்தார்.

"ஓரமா நில்லு மேஸ்திரி, தல சுத்துது" என்றான் கேட்டுக்காரன்.

"சுத்தறது நானு. உனுக்கு இன்னாத்துக்குத் தல சுத்துது?"

கூட்ஸ் போய் முடிவதற்குள் பதினேழு சுற்று. எண்ணினேன், வேறு வேலை இல்லை. பதினேழாவது சுற்றில்தான் எனக்கு அந்த யோசனை பளிச்சென்று தோன்றியது. மழை விட்ட மறுநாள் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நின்றால் வடமேற்கே நீலமாக ஒரு கோடு தெரியும். நாகலாபுரம் மலை. அதன் காட்டுக்குள் விறகு வண்டிகளுக்காகப் போட்ட சரளைப் பாதை ஒன்று மலையுச்சி வரை போகிறதென்று கேள்விப்பட்டிருந்தேன். அதில் சைக்கிளில் ஏறவேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. கூட வர ஆள்தான் அகப்படவில்லை.

கேட் திறந்ததும் பின்னாலேயே துரத்திப் போய்க் கேட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மூணு தபா போயி வந்துட்டேன் நைனா. உச்சியில எல்லைக்கல்லு ஒண்ணு கீது. அதைத்தான் இன்னும் தொடல" என்றார்.

செங்கல் சூளையில் அவர் மேஸ்திரி. சூளையைச் சைக்கிளில் சுற்றி வந்தே நெருப்புப் பதம் பார்ப்பார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: போய்ச் சேரும் இடம் வருகிற வரைக்கும், சைக்கிள் மேல் இருக்கும்போது கால் தரையில் படக் கூடாது. சுவரைப் பிடித்துக்கொள்ளலாம், கம்பத்தைக் கட்டிக்கொள்ளலாம், விழவும் செய்யலாம்.

"விழுந்தா எழுந்திருக்கக் கால் ஊனணுமே அண்ணாத்தே?"

"விழறது சைக்கிளோட இஷ்டம். கால் ஊனறது நம்ம இஷ்டம். ரெண்டும் ஒண்ணா? பி.ஏ.வுல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

விழுந்தால் விழுந்த இடத்திலிருந்தே மறுபடி ஏறலாம். கால் ஊன்றினால் அந்தப் பயணமே ரத்து. வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். மலையில் முதல் தடவை செயின் அறுந்து, தன்னையறியாமல் ஊன்றிவிட்டார். இரண்டாம் தடவை குறுக்கே பாம்பு போனது. அது போகிற வரைக்கும் வட்டமடிக்கப் பாதையில் அகலம் போதவில்லை. மூன்றாம் தடவை வயிறு. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் குமணன்சாவடி டீக்கடையில் பந்தயமே வைத்துவிட்டார்கள். அந்தக் கடையில் அவர் டீ குடிப்பதே ஒரு காட்சி. முதல் சுற்றில் கிளாசை வாங்குவார், இரண்டாம் சுற்றில் குடிப்பார், மூன்றாம் சுற்றில் திருப்பிக் கொடுப்பார். கடைக்காரர் சொன்னார்:

"இதோ பாரு மேஸ்திரி. இந்தத் தபாவும் கல்லத் தொடாம வந்தீன்னா, ஒரு மாசம் எங்கள மாதிரி எறங்கி, பெஞ்சில குந்திகினு டீ குடிக்கணும்."

"குந்தறேன்" என்றார் அவர், இரண்டாம் சுற்றில்.

அவர் முகம் அன்று கொஞ்சம் வெளுத்திருந்தது. பத்து வருஷமாக அந்தக் கடையில் அவர் உட்கார்ந்ததில்லை.

விடியற்காலையில் கிளம்பித் திருவள்ளூர், ஊத்துக்கோட்டை வழியாகப் போய், மலையடிவாரச் சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் காலை காட்டு எல்லையில் பாரஸ்டு கார்டு ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் எழுந்து வந்தார்.

"ஏமய்யா, நில்லு."

அண்ணாத்தே நிற்பாரா? கார்டைச் சுற்றி வட்டமடித்தார். கார்டும் கூடவே திரும்பித் திரும்பி, நாலாவது சுற்றில் தலையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"புஸ்தகத்துல வண்டிக்குக் கட்டம் உண்டு, மாட்டுக்குக் கட்டம் உண்டு. இதை எதுல எழுதறது? வண்டின்னா மாடு எங்கே?"

"மாடு நான்தான். எழுதிக்கோ."

"பின்னால வர்றது?"

"கன்னுக்குட்டி."

எழுதிக்கொண்டார். அரசாங்கப் புத்தகத்தில் நான் கன்றுக்குட்டியாகத்தான் காட்டுக்குள் போயிருக்கிறேன்.

பாதை முதல் மைலுக்குப் புளியங்கொட்டை அளவுச் சரளை. சக்கரத்தின் கீழே பொரி வறுபடுகிற சத்தம். இரண்டாம் மைலில் கொட்டைப்பாக்கு அளவு. அதற்கு மேலே எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழத்தின் மேல் சைக்கிள் விட்டுப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். நான் ஐந்து இடத்தில் இறங்கித் தள்ளினேன். அவர் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் கோலம் போடுவதுபோல் வளைத்து வளைத்து ஏறினார். மூன்று தடவை விழுந்தார். மூன்று தடவையும் தூசியைத் தட்டிக்கொண்டு, "இது சைக்கிளோட இஷ்டம்" என்று சொல்லி ஏறினார்.

கடைசி வளைவில் கல் தெரிந்தது. வெள்ளையடித்த கல், ஐம்பது கஜம்கூட இருக்காது. அவர் முன்னால், நான் பின்னால். எனக்கு வந்த உற்சாகத்தில் எழுந்து நின்று மிதித்தேன். பின்சக்கரம் வழுக்கியது. நானும் சைக்கிளுமாகப் பாதையின் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்துப் பக்கம் சரிந்தோம். ஒரு புதர் கைக்கு அகப்பட்டது. கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அந்த மலையிலுள்ள பறவைகள் மொத்தமும் கிளம்பும்படி கத்தினேன்.

மேலே சரளையைத் தேய்த்துக்கொண்டு இரண்டு கால்கள் நிற்கிற சத்தம் கேட்டது.

தலைக்கு மேலே முதலில் தெரிந்தது செருப்பு. நாலு வருஷத்துச் செருப்பு, அடித்தோல் தேயாமல் கடையில் வாங்கிய அன்று போல இருந்தது. அதை ஒரு பாறையில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, முண்டாசை அவிழ்த்து வீசி, என்னை இழுத்து மேலே போட்டார்.

மூச்சு வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணாத்தே, கால் ஊனிட்டீங்களே."

யாருடைய கால்களையோ பார்ப்பதுபோல் அவர் தம் கால்களைப் பார்த்தார். "நீ கத்தின கத்துல விழறதுக்கு ஏது நைனா நேரம்?"

"கல்லு அதோ இருக்கு. நடந்தாவது போய்த் தொட்டுட்டு வரலாம்."

"நடந்து போயித் தொடறதுக்கு நான் இன்னா ஆடு மேய்க்கவா வந்தேன்?"

என் சைக்கிளின் முன்சக்கரம் அப்பளமாக நெளிந்திருந்தது. மலையடிவாரம் வரை இரண்டு சைக்கிளையும் அவரே தள்ளிக்கொண்டு நடந்தார். கார்டு அவரை மேலும் கீழும் பார்த்து, "இப்போ நில்லுன்னு சொல்லாமலே நிக்கறே" என்றார்.

நானும் என் சைக்கிளும் விறகு வண்டியில் வந்தோம். அவர் கூடவே மிதித்து வந்து, குமணன்சாவடியில் கடை வாசலில் சைக்கிளைவிட்டு இறங்கினார். டீக்கடையே எழுந்து நின்று பார்த்தது. பெஞ்சின் ஓரத்தில், அது நெருப்பாய்ச் சுடுவதுபோல் உட்கார்ந்தார்.

"இன்னா மேஸ்திரி ஆச்சு?"

"குறுக்கால ஒரு கொரங்கு வந்துச்சு."

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தம் டீயை என் கையில் வைத்து, "குடி" என்றார்.

"பெரிய கொரங்கா?" என்றார் கடைக்காரர்.

"சின்னதுதான். சத்தந்தான் ஜாஸ்தி."

அந்த ஒரு மாதமும் தினம் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்துதான் குடித்தார். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. நேற்றோடு கெடு முடிந்தது. இன்று காலை மறுபடி கடையைச் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டாம் சுற்றில் என்னைக் கண்டதும், "தை பொறந்ததும் போறோம். இந்தத் தபா நீ முன்னால போ, நைனா. என் கண்ணு முன்னால இருக்கணும்" என்றார்.

போகிறோம். என் முன்சக்கரத்தை நிமிர்த்தியாகிவிட்டது. பருத்திப்பட்டு ஏரிக்கரைச் சரிவில் தினம் சாயங்காலம் பயிற்சி செய்கிறேன். ஏறுவதற்கு அல்ல. அதைப் பார்த்துக்கொள்ளலாம். சத்தம் போடாமல் விழுவதற்கு.