பிக்கப் கொதிப்படங்கிய படலம்

நெளிந்த பானெட்டை ஒற்றைக் கம்பியால் தாங்கி நிறுத்திய நெடுந்தோளன், நெற்றிக் கரியைக் கரித்துணியால் துடைத்து மேலும் கரியனாகும் கலைவல்லன், சலவைக்கடையின் ஒரே பிக்கப்புக்கு ஒரே சாரதி, அண்ணன் வாழ்க. மறுத்துப் பேச அவன் இப்போது இங்கே இல்லை. ஆகவே அவன் புகழைக் குறைக்காமல் பாடிவிடலாம்.

அந்த வண்டிக்கு ஒரு மாதமாகக் கொதிப்பு நோய். வாடிக்கை லாட்ஜுக்குப் போகும் மேட்டுச் சாலையில் பாதி ஏறுவதற்குள் வெப்பமானியின் முள் சினங்கொண்ட வேந்தனின் மீசையென விடைத்தெழும். பானெட்டின் இடுக்குகளில் நீராவி, தீப்பற்றிய கோட்டையின் புகையெனப் பொங்கும். பின்னால் வெளுத்து மடித்த விரிப்புகள் ஏதுமறியாமல் துயில, அண்ணன் சாலையோரம் நின்று, குடத்தோடு, அது ஆறும் காலம் பார்த்திருப்பான். இருமுறை தாமதமாயிற்று. இன்னொரு முறை தாமதமானால் வேறு கடையைப் பார்த்துக்கொள்வதாக லாட்ஜ் மேலாளர் சொல்லி அனுப்பிவிட்டார். லாட்ஜ் போனால் கடையும் போயிற்று. துவைக்கும் தங்கைக்கு அது அண்ணனைவிட நன்றாகத் தெரியும்.

மறுபடி விரிப்புகள் போக வேண்டிய நாளும் வந்தது. காலையில் மெக்கானிக் வந்து, பானெட்டுக்குள் தலை நுழைத்து, நாடி பார்த்து, உதட்டைப் பிதுக்கினான்.

"எஞ்சினை இறக்கணும் தலைவரே. ஒரு மாசம் ஆகும்."

அண்ணன் ஸ்பானரைச் செங்கோலென உயர்த்தினான். "இந்த எஞ்சின் இறங்கினா என் மானமும் கூடவே இறங்கிடும். நானே கண்டுபிடிக்கிறேன். நீ சாயங்காலம் வா."

"வரேன். கட்டி இழுக்கக் கயிறோட வரேன்."

மூண்டது போர். ரேடியேட்டரின் நாளங்களில் நீர் பாய்ச்சினான். சேறு இல்லை, சதி இல்லை. குழாய்களைப் பகைவரின் கழுத்தென நெரித்தான். ஒரு சொட்டும் ஒழுகாமல் அவை வீரமரணத்துக்குத் தயாராக நின்றன. தெர்மோஸ்டாட் என்னும் வாயிற்காவலனைக் கழற்றி வந்து, தங்கையின் அடுப்பில், தங்கையின் பாத்திரத்தில், கொதிநீரில் இட்டு விசாரித்தான். சூடு ஏறியதும் அவன் கதவைத் திறந்து காட்டித் தன் நேர்மையை மெய்ப்பித்தான். போன மாதம் தன் கையாலேயே புதிதாகப் பொருத்திய மின்விசிறியை மட்டும் விசாரிக்கவில்லை. பெற்ற பிள்ளையை யார் சந்தேகிப்பார்? அதுவும் சூறாவளியாகச் சுற்றும் பிள்ளையை.

எல்லாவற்றையும் மாட்டி, எஞ்சினை உறுமவிட்டு, தோற்ற தளபதியாக அண்ணன் நிற்கையில், தங்கை கூடை நிறைய ஈரத் தலையணை உறைகளோடு வந்து, வண்டியின் முகத்துக்கு நேரே கட்டியிருந்த கொடியில் வரிசையாகப் போட்டாள். உறைகள் வெற்றிக் கொடிகளெனத் தெருவை நோக்கிப் படபடத்தன.

"அண்ணே, ஆஃப் பண்ணிடாதே. இதுல போட்டாத்தான் சீக்கிரம் காயுது."

"எதுல?"

"உன் வண்டிக் காத்துலதான். ஒரு மாசமா இப்படித்தானே காயப்போடறேன்."

அண்டசராசரங்கள் ஒருகணம் அசைவற்றன. வெளிக்காற்றை உள்ளே இழுத்து எஞ்சினைக் குளிர்விக்க வேண்டிய விசிறி, உள்ளிருந்த அனலை வாரி வெளியே இறைத்து, ஓடும்போது எதிர்வரும் காற்றோடு மல்லுக்கட்டி, தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டே ஒயர்கள், இடம் மாறிய இரண்டே ஒயர்கள். மாற்றிய கை அண்ணனின் கை.

"ஏம்மா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நல்லாக் காயுது. இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

அண்ணன் ஒயர்களை மாற்றினான். உறைகள் திரும்பி வண்டியின் முகத்தில் அப்பிக்கொண்டன. தங்கை சிரித்த சிரிப்பில் கூடை கவிழ்ந்தது.

"மெக்கானிக் கேட்டா என்ன சொல்ல?"

"தெர்மோஸ்டாட்னு சொல்லு," என்றான் அண்ணன், குற்றமற்றவன்மேல் பழி சுமத்தும் மன்னர்களின் மாறாத கம்பீரத்தோடு.

பின்னர் விரிப்புகளை ஏற்றி, தங்கையை அருகே அமர்த்தி, வெப்பமானியின் முள் நடுவில் தலைசாய்த்து உறங்க, நீராவியின்றி, நிறுத்தமின்றி, ஆளுக்கொரு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கியும் அடங்காமல், உலகை வென்று மீளும் இரு பேரரசர்களென அவர்கள் மேட்டுச் சாலையேறி, கதிரவன் சாயுமுன்னே லாட்ஜின் வாசலில் போய் நின்று, வானதிர ஹாரனை முழக்கினர்.

மேலாளர் வெளியே வந்து, வண்டியைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்தச் சொன்னார்.