அக்காவைப் பெண் பார்த்த அன்று பூத்த பூ

மூக்கடைத்திருக்கும் நேரத்தில் மனிதப் பிறவி எந்த முக்கியமான முடிவையும் எடுக்கக் கூடாது. பட்டறிந்து சொல்கிறேன். (பட்டது முழுக்க என் அக்கா. அறிவு மட்டும் எனக்கு.)

அப்போது நான் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் படுகிற பச்சையை எல்லாம் வீட்டுக்குத் தூக்கி வருவது அந்தப் படிப்போடு வருகிற வியாதி. போடிமெட்டுப் பக்கம் தோழியின் ஏலத்தோட்டத்துக்குப் போனபோது நிழல் மரங்களைக் கவாத்து செய்துகொண்டிருந்தார்கள். வெட்டிப் போட்ட கிளையில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு குட்டி ஆர்க்கிட். மரத்திலும் பாறையிலும் தொற்றி வளரும் ஜாதி. சுண்டைக்காய் அளவில் பச்சைக் குமிழ்கள், குமிழுக்கு ஓர் இலை. கிளைத்துண்டோடு கொண்டுவந்து, சின்னமனூரில் எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் தொங்கவிட்டேன்.

அம்மா அதைப் புல்லுருவி என்றாள். இது மரத்தின் சாற்றை உறிஞ்சாது, காற்றையும் மழையையும் கொண்டே பிழைக்கும் என்று விளக்கினேன்.

"ஒன்னய மாதிரி சும்மா தொத்திக்கிட்டு இருக்குன்னு சொல்லு" என்று துணி அலசப் போய்விட்டாள்.

எவ்வளவு தண்ணீர் தெளித்தும் பூக்காமல் அடம்பிடித்த அது, அக்காவைப் பெண் பார்க்க வருகிற ஞாயிறு காலையில் பூத்தது.

அக்கா வரன்களின் போட்டோவைக் கேஸ் ரசீது பார்ப்பதுபோலப் பார்ப்பவள். கூடலூர் திராட்சைத் தோட்டக்காரரின் போட்டோவை மட்டும் வாங்கிக்கொண்டு போனவள், திருப்பித் தரவே இல்லை. இந்தச் சம்பந்தம் கூடிவர வேண்டும் என்று வீடே தவம் கிடந்தது.

நானோ கடும் ஜலதோஷத்தில் பூவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கருஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பூக்கள். ஒவ்வொன்றிலும் நாக்கு மாதிரி ஓர் இதழ். லேசாகக் காற்று பட்டாலும் ஆடும். வருகிறவர்கள் இதைப் பார்க்காமல் போகலாமா? வாசலில் ஜீப் நின்றதும் ஓடிப்போய் எடுத்துவந்து கூடத்து ஜன்னலில் மாட்டினேன். நாக்கு நன்றாக ஆடட்டும் என்று பின்னாலேயே டேபிள் ஃபேனையும் வைத்தேன்.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா மூவரும் நேர் எதிரே உட்கார்ந்தார்கள். கேசரியை வாய்க்குக் கொண்டுபோன பெரியப்பாவின் கை பாதியில் நின்றது. மாப்பிள்ளை குனிந்து தன் காலைப் பார்த்தார். அதைப் பார்த்து அப்பாவும் தன் காலைப் பார்த்தார்.

"எலி செத்துக் கெடக்கு போலடி. அங்கன சாம்பிராணியப் போடு" என்று அம்மா என் காதைக் கடித்தாள்.

போட்டேன். எலி சாமி கும்பிட்டுவிட்டுச் செத்ததுபோல் இருந்ததாம். ('ஆம்' என்பதைக் கவனிக்கவும். எனக்கு அன்று உலகமே வாசனையற்றது.) நாற்றம் கலையட்டும் என்று ஃபேனை முழு வேகத்தில் திருப்பிவிட்டதும் நான்தான்.

பெரியப்பா செயல்வீரர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எலிய எடுக்காம பேச்சு ஓடாது. பீரோவப் பிடிங்க" என்றார். அப்பாவும் அவருமாகப் பீரோவைத் தூக்கி நகர்த்தினார்கள். பின்னால் எலி இல்லை. சர்க்கரை வியாதிக்காரரான அப்பா ஒளித்துவைத்த சீனிச் சேவுப் பொட்டலம் இருந்தது. அம்மா பார்த்த பார்வையில் எலி இருந்திருந்தால் மறுபடி செத்திருக்கும்.

அடுத்து பரண். மாப்பிள்ளை ஸ்டூல் மேல் ஏறினார். ஸ்டூலுக்கு ஒரு கால் ஆட்டம். பட்டுச்சேலையோடு அக்கா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"விட்றாதீங்க" என்றார் அவர்.

"விடமாட்டேன்" என்றாள் அக்கா.

தனியாகப் பேச வேண்டும் என்று மாடிக்கெல்லாம் அனுப்புவார்களே, இவர்கள் பேசியது இவ்வளவுதான்.

யாருமே பூவைப் பார்க்கவில்லை என்பதில் எனக்குக் கோபம். (ஈக்கள் மட்டும் மொய்த்துக்கொண்டிருந்தன.) மாப்பிள்ளையின் அம்மாவை வலியக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மரியாதைக்காகக் குனிந்து முகர்ந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆத்தா, எலி இதுக்குள்ளதான் இருக்கு."

ஈயை வரவழைக்கச் சில ஆர்க்கிட்கள் அழுகல் நாற்றம் வீசும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எழுதி மார்க்கே வாங்கியிருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் 'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்' என்றால் அந்த வரன் அவ்வளவுதான். அந்த வாக்கியத்துக்காக எல்லோரும் பெரியப்பாவின் வாயையே பார்த்தோம். அவர் பரணைப் பார்த்தார்.

"ஏலே, என்னடா சொல்ற?"

"எனக்குச் சம்மதம் பெரியப்பா. அவுகளயும் ஒரு வார்த்த கேட்டுக்கங்க. அவுக விட்டா நான் விழுந்துருவேன்."

அக்கா ஸ்டூலை விடாமலே தலையாட்டினாள்.

பெரியப்பா வேட்டியை இறக்கிவிட்டார். "பொண்ணு வீட்டு பீரோவத் தாலி கட்டுன பெறகுதான் தூக்குவாக. நாங்க இன்னைக்கே தூக்கிட்டம். இனி இல்லேன்னா ஊரு சிரிக்கும்" என்று சொல்லிவிட்டு, கேசரியை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

கல்யாணம் தடபுடலாக நடந்தது. இன்றைக்கும் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராக உள்ளே நுழைய மாட்டார். வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி மூக்கை உறிஞ்சுவார். "பூக்கலை, வாங்க" என்று நான் என் வாயால் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். அவர்கள் மகனுக்கு இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் படியேறும் முன் மூக்கை உறிஞ்ச வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.